உபாத்தியாயர் சம்பளமும் உறவினர் கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், அரசாங்கப் பள்ளிக்கூட உபாத்தியாயர்களின் சம்பளம் எவ்வழிகளிற் செலவாகிறது, எவ்வழிகளிற் சேமிக்கப்படுகிறது என்பதாகும். ஒருவர் தம் சம்பளத்தைச் செலவு செய்வது அவருடைய சொந்தக் காரியமாயிற்றே, அதைச் சங்க மேடையில் ஆராய்வானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லும் விடை இதுதான். நம் குடும்பங்களில் விவசாயத்தின் வரும்படி மழையைப் பொறுத்தது. கடையின் வரும்படி சந்தையைப் பொறுத்தது. உபாத்தியாயரின் சம்பளம் ஒன்றே மாதக் கடைசியில் தவறாமல் வருவது. ஆகையால் அச்சம்பளம் பெயரளவில் ஒருவருடையதாயினும், நடைமுறையில் அண்ணன் தம்பிமார், மாமன் மைத்துனர், பங்காளிகள் ஆகிய அனைவரும் சாய்ந்து நிற்கும் தூணாகிவிட்டது. தூணின் பலத்தை அதன்மேற் சாய்ந்திருப்பவர்கள் விசாரிப்பது குற்றமாகாது, விசாரியாமலிருப்பதே குற்றம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துக் காலத்தில் உபாத்தியாயர் நெல்லும் காய்கறியும் பெற்று வாழ்ந்தார் என்பதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேலையை விட்டு நீங்கிய பின் அவருக்கு ஆதரவு இல்லை. காமராஜர் முதன்மந்திரியாயிருந்த காலத்தில், 1955-ஆம் வருஷத்தில், உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்க்கும் ஓய்வூதியம், சேமநிதி, இன்ஷூரன்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த திட்டம் சென்னை ராஜ்யத்தில் ஏற்பட்டது. அதன் பின்னர்ச் சம்பளம் படிப்படியாக உயர்ந்து வந்தது. 2017-ஆம் வருஷத்துத் திருத்திய ஊதிய விதிகளின்படி, இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ. 20,600, பட்டதாரி ஆசிரியருக்கு ரூ. 36,400, முதுகலை ஆசிரியருக்கு ரூ. 36,900. இவற்றோடு அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேரும். நம் பாட்டனார் காலத்தை நோக்க இது நல்ல வரும்படிதான். எனினும் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்த ஆசிரியர் பலரிடம், கையில் ரொக்கமாக ஆறு மாதச் சம்பளமேனும் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றே விடை வருகிறது. இதற்குக் காரணம் யாது?

முதலாவது காரணம், காலத்தின் மாறுதலை நம்மவர் உணராமை. 2003-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ஆம் தேதிக்கு முன் வேலையில் அமர்ந்தவர்க்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. பொது வருங்கால வைப்பு நிதியும் உண்டு. பெண்ணுக்கு விவாகமென்றாலும், பிள்ளைக்குப் படிப்பென்றாலும், அந்நிதியிலிருந்து முன்பணம் பெற்றுக்கொள்ள அவர்களால் இயன்றது. அத்தேதியிலும் அதன் பின்னும் அமர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்திற் சேர்க்கப்பட்டனர். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்குப் பத்து அவர்களிடம் பிடிக்கப்பட்டது. அரசாங்கமும் அதே அளவு செலுத்தியது. ஆனால் அத்தொகையிலிருந்து நடுவில் முன்பணம் பெற வழியில்லை. ஆகவே தகப்பனார் வைப்பு நிதியில் முன்பணம் வாங்கி நடத்திய அதே காரியத்தை, மகன் பாங்கியில் தனிநபர் கடன் வாங்கி நடத்த வேண்டியதாயிற்று. முன்னது தன் பணத்தைத் தானே எடுத்துக்கொள்வது. பின்னது பிறர் பணத்துக்கு வட்டி கட்டுவது. ஓய்வூதிய விஷயத்தில் அரசாங்கம் எந்த ஏற்பாட்டைச் செய்யினும் செய்க. 2003-க்குப் பின் வேலையில் அமர்ந்தவர் தம் தகப்பனாரின் கணக்கை வைத்துக்கொண்டு தம் செலவைத் திட்டமிடலாகாது என்பதே நாம் வற்புறுத்துவது.

இரண்டாவது காரணம் நம்முடைய வழக்கங்கள். இங்கே நாம் ஆசிரியர்களைக் குறை கூறப் போவதில்லை. அவர்களுடைய உறவினராகிய நம்மையே விசாரித்துக்கொள்ளப் போகிறோம்.

ஒருவர் கடன் வாங்கவோ சீட்டு எடுக்கவோ போனால், அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவருடைய ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். உடனே நம்மவர் உபாத்தியாயரின் வீட்டைத் தேடிச் செல்கின்றனர். "ஒரு கையெழுத்துத்தானே மாமா!" என்ற சொல்லைக் கேளாத ஆசிரியர் நம்மில் இல்லை. அது கையெழுத்து மாத்திரம் அன்று. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரைக் கேளுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள் என்று சொல்லித் தப்ப முடியாது. கோர்ட்டுத் தீர்ப்பு ஏற்பட்டால், சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாய் நீங்கலாக மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வரையில் ஜப்தி செய்யச் சிவில் நடைமுறைச் சட்டம் இடங்கொடுக்கிறது. கடன் வாங்கினவர் ஊரை விட்டுப் போனால் போகலாம். பள்ளிக்கூடத்து வாத்தியார் எங்கே போவார்? அவருடைய விலாசமும் சம்பளப் பட்டியலும் எல்லாருக்கும் தெரிந்தவை. கையெழுத்திட மறுத்தால் உறவு முறியும். இட்டால் குடும்பம் முறியும். இவ்விரண்டுக்கும் நடுவில் அவரை நிறுத்துகின்றவர்கள் நாமே.

அடுத்தது விவாகம். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பது பழமொழி. வாத்தியார் வீட்டுக் கல்யாணம் என்றால் மண்டபம் பெரிதாயிருக்க வேண்டும், இலையில் பதார்த்தங்கள் மிகுந்திருக்க வேண்டும், நகை இத்தனை பவுன் என்று வாய்விட்டுச் சொல்லும்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது யார்? மாப்பிள்ளை ஆசிரியர் என்றால் அவருக்குச் சீர் அதிகம் என்று கணக்கிடுவது யார்? வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அரசு ஊழியர் நடத்தை விதிகளும் அதைத் தடுக்கின்றன. எனினும் 'விருப்பப்பட்டுச் செய்வது' என்று பெயரை மாற்றிக்கொண்டு அது நம் வீடுகளில் நடமாடுகிறது.

மொய் வழக்கமும் இத்துடன் சேர்ந்தது. ஆதியில் அது நல்ல ஏற்பாடே. புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து வைத்து, வட்டியில்லாத கைம்மாற்றுப்போல் ஒருவரையொருவர் தூக்கிவிடுகிறார்கள். ஆனால் உபாத்தியாயருக்கு மொய் எழுத வேண்டிய வீடுகள் மிகுதி. தம் வீட்டில் விசேஷம் வைப்பது வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை. மாணவர் வீடு, சக ஆசிரியர் வீடு, உறவினர் வீடு என்று வைகாசி மாதத்தில் மாத்திரம் எத்தனை அழைப்பிதழ்கள்! நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், வருஷத்தில் ஒரு மாதச் சம்பளத்தை மொய்யே கொண்டுபோவதைச் சிலர் காண்பார்கள். எழுதி வைக்காதவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

மூன்றாவது, பிள்ளைகளின் படிப்பு. அரசாங்கப் பள்ளியிற் பாடம் சொல்லிக் கொடுத்துப் பெறும் சம்பளத்தில் பெரும் பங்கைத் தனியார் பள்ளிக்குக் கட்டணமாகச் செலுத்துவது நம்மவரிடையே பரவியிருக்கிறது. தம் பிள்ளையை எங்கே படிக்கவைப்பது என்பது பெற்றோர் உரிமை. அதில் நாம் தலையிடவில்லை. ஆயினும் கணக்கைப் பார்க்க வேண்டும். 2020-ஆம் வருஷத்தில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் அரசாங்கப் பள்ளிகளிற் படித்தவர்க்கு வைத்தியப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை வீதம் இடங்கள் ஒதுக்கிச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த வருஷத்தில் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அவ்வொதுக்கீடு விரிந்தது. கட்டணம் செலுத்தி அந்த வாய்ப்பையும் இழப்பது லாபந்தானா என்பதை ஒவ்வொருவரும் தம் மனத்திற்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிற்க. இவ்வளவு செலவும் போக எஞ்சியதை நம் ஆசிரியர்கள் எவற்றில் முதலீடு செய்கிறார்கள் என்று பார்ப்போம். நகை, மனை, இன்ஷூரன்ஸ், சீட்டு ஆகிய நான்குமே முதன்மையானவை.

நகையை எடுத்துக்கொள்வோம். பொன் ஆபத்துக்கு உதவும் என்பது உண்மை. அடகு வைத்து ஒரே நாளில் பணம் பெறலாம். ஆனால் பொன் வேறு, நகை வேறு. சேதாரம் நூற்றுக்குப் பன்னிரண்டு என்றும், சரக்கு சேவை வரி நூற்றுக்கு மூன்று என்றும் வைத்துக்கொண்டால், பதினொன்றரைப் பவுனுக்கு விலை கொடுத்துப் பத்துப் பவுன் வீட்டுக்கு வருகிறது. ஒன்றரைப் பவுனின் விலை கடையிலேயே நின்றுவிட்டது. பூணுவதற்கு வேண்டிய நகையை வாங்குவது தகும்; சேமிப்பு என்று பெயரிட்டு மேலும் மேலும் நகையாகவே வாங்குவது தகாது.

மனையில் நம்மவர்க்குள்ள ஆசை அதிகம். உத்தியோகத்தில் அமர்ந்த இரண்டாம் வருஷமே ஊருக்கு வெளியே மனை வாங்கியவர் பலர். அவற்றுள் எத்தனையோ அங்கீகாரமற்ற மனைகள். 2016-ஆம் வருஷம் செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட்டு அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தபோது, விற்கவும் முடியாமல், வீடு கட்டக் கடன் பெறவும் முடியாமல் தவித்தவர்களை நாம் அறிவோம். மறு வருஷத்தில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்த பிறகே அவர்களுக்கு வழி பிறந்தது. ஆகவே மனை வாங்குமுன் அங்கீகாரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். 2023-ஆம் வருஷத்து விகிதப்படி கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஏழும் பதிவுக் கட்டணம் இரண்டும் ஆகும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். 1973-ஆம் வருஷத்து அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, நிலம் வீடு வாங்குவதைத் துறைக்கு முறைப்படி தெரிவிப்பதும் அவசியம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில், ஏஜண்டாக வருகிறவர் பெரும்பாலும் உறவினர். அதனால் பாலிசி எடுப்பதும் மொய்யைப் போல் ஆகிவிட்டது. மாசி மாதம் வந்ததும் வருமான வரிக்காக அவசர அவசரமாக ஒரு பாலிசி எடுத்தார்கள். 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 80சி பிரிவின்படி கிடைத்த அச்சலுகை, 2020-ஆம் வருஷம் வந்த புதிய வரிமுறையைத் தேர்ந்தோர்க்கு இல்லை. அன்றியும் 2025-26-ஆம் வருஷத்துக்கு அம்முறையில் சம்பளக்காரர்க்கு ரூ. 12,75,000 வரையில் வரியே இல்லையென்று ஏற்பட்டது. வரி இல்லாதவர் வரிக்காகப் பாலிசி எடுப்பது எற்றுக்கு? சம்பாதிப்பவர் அகால மரணமடைந்தால் குடும்பம் பல வருஷம் தாங்கத்தக்க தொகை வருகிறதா என்பதே பாலிசியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற் கேள்வி. சேமிப்பும் காப்புறுதியும் கலந்த சிறு பாலிசிகள் ஐந்தாறு வைத்திருப்பதைக் காட்டிலும், உயிருக்கு மாத்திரம் காப்புத் தரும் பெரிய பாலிசி ஒன்று குறைந்த பிரிமியத்தில் அந்தக் காரியத்தைச் செய்யும்.

சீட்டு நம் நாட்டுப் பழைய ஏற்பாடு. 1982-ஆம் வருஷத்துச் சீட்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டில் நடத்துநரின் கமிஷனுக்கு வரம்பு உண்டு. 2019-ஆம் வருஷத்தில் அது நூற்றுக்கு ஐந்திலிருந்து ஏழாயிற்று. பதிவில்லாமல், முகத்தாட்சணியத்தின் பேரிற் சேரும் சீட்டில் பணம் போனால் முறையிட இடம் இல்லை. இதனினும் கொடியது, மாதம் நூற்றுக்கு மூன்று, நான்கு வட்டி தருவதாக ஆசை காட்டும் கம்பெனிகள். மாதம் மூன்று என்றால் வருஷத்துக்கு முப்பத்தாறு. நேர்மையான எந்த வியாபாரம் அவ்வளவு லாபத்தை வருஷந்தோறும் தரும்? தொண்ணூறுகளில் நிதிக் கம்பெனிகள் பல வீழ்ந்ததன் பயனாகவே 1997-ஆம் வருஷத்தில் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் நம் ராஜ்யத்தில் ஏற்பட்டது. அதன் பின்னும் 2012-ஆம் வருஷத்தில் பெருந்துறைப் பக்கத்தில் ஈமுக் கோழிப் பண்ணைகள் வீழ்ந்தன. சட்டம் வந்தும் ஆசை போகவில்லை. இத்தகைய கம்பெனிகளுக்கு ஆசிரியர்மேல் தனிப் பிரியம் உண்டு. ஏனெனில் வாத்தியார் சேர்ந்தால் ஊரே சேரும். அவருடைய வார்த்தைக்கு மதிப்பு அவ்வளவு. தம் பணத்தை இழப்பதுடன் தம்மை நம்பினவர் பணமும் போயிற்று என்ற பழியை அவர் சுமக்க நேரிடுகிறது.

வாலிப ஆசிரியர்களுக்கு மற்றொரு வார்த்தை. கைத் தொலைபேசியில் பங்குச் சந்தையின் முன்பேர வர்த்தகம் செய்வது இப்பொழுது பரவிவருகிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று வருஷங்களில் அவ்வர்த்தகம் செய்த தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர் என்று செபி என்னும் மேற்பார்வை ஸ்தாபனம் 2024-ஆம் வருஷத்தில் வெளியிட்டது. பரஸ்பர நிதியிற் பல வருஷம் பொறுத்திருந்து பங்குகளில் முதலிடுவது வேறு, இது வேறு. சூதாட்டத்தை ஒத்த வியாபாரத்தை நடத்தை விதிகளும் தடுக்கின்றன.

பின் என்ன செய்வது? சம்பளம் வந்த அன்றே சேமிப்பை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் செலவு செய்ய வேண்டும். செலவு செய்து மிஞ்சினாற் சேமிக்கலாம் என்றால் ஒருநாளும் மிஞ்சாது. முதலில் ஆறு மாதச் செலவுக்கான தொகை பாங்கியில் இருக்கட்டும். ஒரு பாங்கியில் ஒருவருக்கு ஐந்து லக்ஷம் ரூபாய் வரையில் 2020-ஆம் வருஷம் முதல் வைப்புக் காப்பீடு உண்டு. பின்னர், 1968-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பொதுச் சேமநல நிதி தபாலாபீஸிலும் பாங்கியிலும் இருக்கிறது. அதற்கு 2020 ஏப்ரலில் நிர்ணயித்த வட்டி நூற்றுக்கு 7.1. அந்த வட்டியைக் கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் ஐந்தாயிரம், அதாவது வருஷத்துக்கு அறுபதாயிரம் வீதம் இருபத்தைந்து வருஷம் செலுத்தினால் ஏறக்குறைய முப்பத்தெட்டரை லக்ஷம் சேரும். அதையே பத்து வருஷம் தாமதித்துத் தொடங்கிப் பதினைந்து வருஷம் செலுத்தினால் ஏறக்குறையப் பதினைந்து லக்ஷமே சேரும். குறைவாகச் செலுத்தியது ஆறு லக்ஷம். குறைவாகப் பெற்றது இருபத்து மூன்று லக்ஷத்துக்கு மேல். முதற் பத்து வருஷத்தில் ஆடம்பரத்துக்குச் செலவான ஒவ்வொரு ரூபாயும் எத்தனை ரூபாயைத் தின்றது என்பதை இதனால் அறியலாம். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை உள்ளவர்களுக்கு 2015-ஆம் வருஷத்தில் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டமும் உண்டு.

தாய்மார்களுக்குரிய ஒரு விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டும். நம் பெண்களிற் பலர் ஆசிரியைகளாயிருக்கிறார்கள். சம்பளம் அவர்கள் பெயரில் வருகிறது; ஏ.டி.எம். அட்டையோ கணவர் பையிலோ மாமனார் பெட்டியிலோ இருக்கிறது. இது முறையன்று. சம்பாதித்தவர் தம் கணக்கைத் தாமே அறிய வேண்டும். வீடோ மனையோ வாங்கினால் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும். அவ்விதமே ஆசிரியராயுள்ள கணவர் தம் வைப்புகள், கடன்கள், இட்ட ஜாமீன்கள் யாவற்றையும் மனைவிக்குத் தெரிவித்து, ஒவ்வொன்றிலும் நியமனதாரர் பெயரைப் பதிய வேண்டும். விவாகத்துக்கு முன் தாயார் பெயரைப் பதிந்து, பிறகு மாற்றாமல் விட்டுவிட்டு இறந்தவர்களின் குடும்பங்கள் ஆபீஸ் வாசலில் அலைவதைக் காண்கிறோம்.

இனி, நம் சங்கத்தாரை நாம் கேட்டுக்கொள்வது நான்கு காரியங்கள். முதலாவது, தொழிலுக்காகவோ கல்யாணத்துக்காகவோ கடன் வாங்கும்போது ஆசிரியரிடம் ஜாமீன் கேட்பதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி செய்துகொள்ள வேண்டும். சொத்திருந்தால் சொத்தை ஈடு கொடுப்போம். நகையிருந்தால் நகையை ஈடு கொடுப்போம். உறவை ஈடு கொடுக்க வேண்டாம். இரண்டாவது, நம்மவர் விவாகங்களில் சீர் இவ்வளவு என்று பேசுவதை நிறுத்தி, மொய்க்கு எல்லாரும் தாங்கத்தக்க ஒரே அளவைக் கிராமந்தோறும் கூடி நிர்ணயிக்க வேண்டும். மூன்றாவது, அதிக வட்டி ஆசை காட்டும் எந்தக் கம்பெனியின் கூட்டத்துக்கும் சங்கக் கட்டடத்தை இரவலாகவோ வாடகைக்கோ கொடுக்கலாகாது. நான்காவது, புதிதாய் வேலையில் அமரும் இளைஞர்க்குச் சங்கம் மாலையிட்டுப் பாராட்டுவதோடு நில்லாமல், அன்றே ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்து, கணக்கு நோட்டு ஒன்றையும் கையில் அளிக்க வேண்டும்.

இவற்றைக் கேட்டு, உறவினருக்கு உதவுவது தவறா என்று எவரேனும் வினவலாம். உதவி வேறு, வற்புறுத்தி வாங்குவது வேறு. படிக்க வசதியில்லாத தம்பியின் பிள்ளைக்குக் கட்டணம் செலுத்துகிற ஆசிரியரை நாம் வணங்குகிறோம். அவர் தொடர்ந்து அவ்வறத்தைச் செய்ய வேண்டுமானால், மண்டபத்துக்கும் ஜாமீனுக்கும் மொய்க்கும் அவருடைய கை காலியாகாதிருக்க வேண்டும். நம் குடும்பங்களில் முதன்முதல் எழுத்தறிந்து, பிறர் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தவர் அவர். அவருடைய முதுமையில் அவர் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும்படி செய்தால், அடுத்த தலைமுறையிற் படிக்க வரும் பிள்ளைக்கு நாம் காட்டும் உதாரணம் யாது?

இந்த நான்கு காரியங்களையும் தீர்மானமாக இன்றே நிறைவேற்றும்படி அக்கிராசனரையும் மகாஜனங்களையும் பணிவுடன் கேட்டுக்கொண்டு, எம் சொற்பொழிவை முடிக்கிறோம்.